எல்லைக்கு அப்பால் ஆறு வரிசை

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. திராட்சை வரிசைக்கு நடுவில், முதலாளியின் முகத்துக்கு நேரே நின்று, நான் செய்த பிழையை நீங்கள் செய்ததாகச் சொன்னீர்கள். மூன்று வருடமாக அந்தப் பொய்க்குள்தான் நான் சாப்பிடுகிறேன், படுக்கிறேன், பரீட்சைக்குப் படிக்கிறேன்.

இதை எழுத வைத்தது ஓர் ஐஸ்கிரீம் பெட்டி மண். போன செவ்வாய்க்கிழமை தொழிற்பள்ளியில் மண் பாடம். அவரவர் வேலை செய்யும் தோட்டத்து மண்ணைக் கொண்டு வரும்படி ஆசிரியை சொல்லியிருந்தார். நான் இரண்டு பெட்டி கொண்டுபோனேன். ஒன்றில் முதலாளி வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் மண், விரலால் நசித்தால் மாவாகப் போவது. மற்றதில் மேட்டுக் காணியான மேல் துண்டு மண். களிக்குள் வெள்ளைக் கல் பொறுக்கிப் போட்டதுபோல இருக்குமே, அது. ஆசிரியை சின்னப் போத்தலிலிருந்து அமிலத்தைச் சொட்டு விட்டார். மஞ்சள் மண் லேசாகச் சிணுங்கியது. மேல் துண்டு மண் சோடாப் போத்தல் திறந்த மாதிரிப் பொங்கியது. சுண்ணாம்புக்கல் அப்படித்தான் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார். எனக்கு நனைந்த கல்லின் வாசம் மட்டும் மூக்கில் ஏறியது. அகதி முகாமின் பொதுச் சமையலறையில் ஒரு பீங்கானில் கல்லை வைத்து, வினாகிரியை ஊற்றி, அது நுரைப்பதை எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினீர்களே, அதே வாசம். "பாருங்கோ, எங்கடை உரும்பிராய்க் கல்லு இது. பிளேனிலை ஏறாமல் இங்கை வந்திட்டுது" என்றீர்கள். சோமாலிப் பெடியன் ஒருவனுக்கு அதை உங்கள் முப்பது ஜெர்மன் சொற்களுக்குள் விளங்கப்படுத்தப் பாடுபட்டீர்கள். அவன் அந்த வினாகிரி தன்னுடையது என்று சொல்லிப் போத்தலைப் பறித்துக்கொண்டு போனான்.

இந்த மண் எந்த இடம் என்று ஆசிரியை கேட்டார். நான் 'மேல் துண்டு' என்று மட்டும் சொன்னேன். பக்கத்தில் இருந்த பெட்டை, ஐந்து தலைமுறையாகத் திராட்சை செய்யும் வீட்டுப் பிள்ளை, "அது பிரான்சுக்குள் அல்லவா இருக்கிறது, எங்கள் துண்டுக்குப் பக்கத்தில்" என்று சாதாரணமாகச் சொன்னாள். ஆசிரியையும் தலையாட்டிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கம் காணி இருக்கிறது. தாத்தா காலத்தில் எல்லை அங்கும் இங்கும் அசைந்தது, கொடிகள் அசையவில்லை. பழத்தை இந்தப் பக்கம் கொண்டுவந்து, வைனாக்கி, ஜெர்மன் போத்தலில் அடைக்கிறார்கள். அவர்களுக்கு எல்லை என்பது புல்லுக்குள் நிற்கும் ஒரு கல். மிஞ்சிப்போனால் டிராக்டர் சில்லு அதில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். என் பொக்கெட்டில் இருக்கும் தாளில், நாட்டை விட்டு வெளியேறினால் இது செல்லாது என்று அச்சடித்திருக்கிறது. உங்கள் தாளிலும் அதேதான் இருந்தது. குறுக்கே சிவப்புக் கோடு போட்ட டுல்டுங் தாள். உன்னை இப்போதைக்கு வெளியேற்றாமல் விட்டிருக்கிறோம் என்பதற்கான தாள். இருக்க அனுமதி இல்லை, துரத்துவதைத் தள்ளிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் அந்தக் கல்லைக் கடந்து வேலைக்குப் போனோம். ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று முதலாளி சொன்னார். ஒருவரும் பார்க்கவில்லை என்பது உண்மை. "தம்பி, நான் ஒரு நாளைக்கு எட்டுத்தரம் ஜெர்மனியை விட்டுப் போறன், ஒருத்தனும் கவலைப்படுறானில்லை" என்று நீங்கள் சொல்லும்போது சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த ஆறு வரிசைதான் முதலாளியின் ஆக விலையான வைன். அதைத் தொட்டவர்கள் இரண்டு பேர், இரண்டு பேரும் அங்கே நிற்க உரிமை இல்லாதவர்கள். முதலாளியை ஜெர்மனில் செஃப் என்பதால் நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இரண்டு வருடம் அவருடைய கொடியை நீங்கள் வெட்டியும் அவர் உங்களுடைய முழுப் பெயரைச் சரியாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

உங்களை நல்லவராக்கி எழுத நான் உட்காரவில்லை. முதல் நாள் மத்தியானம், வரப்பில் இருந்து சாப்பிடும்போது, எந்த இடம் என்று கேட்டீர்கள். பேசாலை என்றேன். "ஓ, கடல் தொழிலோ" என்றீர்கள். அதற்குப் பிறகு பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை மூடிக்கோப்பையில் உங்களுக்கும், கழுவின தயிர்ப் பெட்டியில் எனக்கும் ஊற்றினீர்கள். பிளாஸ்குக்கு ஒரு கோப்பைதானே என்று நீங்கள் சொல்லியிருக்கலாம். அடுத்த கிழமை நான் ஒரு கோப்பை வாங்கிக்கொண்டு வந்தேன். அதிலும் ஊற்றினீர்கள், உயரத் தூக்கி, விளிம்பில் முட்டாமல். ஜெர்மன்காரன் எங்கள் இரண்டு பேரையும் ஒரே கண்ணால் பார்த்து ஒரே மாதிரி ஏவிக்கொண்டிருந்த இடத்தில் நீங்கள் ஊர்ப் படிக்கட்டைக் கொண்டுவந்து நட்டுவைத்தீர்கள். எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. சொல்லவில்லை. நீங்கள்தான் செஃப்பிடம் எனக்காகக் கதைத்து வேலை எடுத்துத் தந்தவர்.

வேலையிலும் விடமாட்டீர்கள். "மீனுக்குச் செதிள் உரசுற மாதிரிக் கொடியை உரசாதை, அதுக்கும் நோகும்" என்பீர்கள். உரும்பிராயில் உங்களுக்கு அரைப் பரப்புக் காணியில் திராட்சைப் பந்தல். செம்மண், கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர், மாட்டெரு. வருடத்துக்கு இரண்டு தரம் குலை. இங்கே வருடத்துக்கு ஒன்று, தண்ணீர் கட்டுவதில்லை, பந்தல் இல்லை, கம்பியில் வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள். இவை எல்லாவற்றையும் நீங்கள் முட்டாள்தனம் என்றே நினைத்தீர்கள். இலை எடுக்கிற வேலை வந்தால் உங்கள் வாய் நிற்காது. இங்கே பூ முடிந்தபிறகு குலை இருக்கும் உயரத்தில் இலையைக் கழற்றுவார்கள், அதுவும் காலை வெயில் படும் பக்கம் மட்டும். பனி காயவேண்டும், பழம் அழுகக்கூடாது, அதற்காக. பின்னேர வெயில் பக்கத்து இலைகளைத் தொடக்கூடாது. நீங்கள் ஒவ்வொரு நாளும் சொல்லுவீர்கள்: "எங்கடை ஊரிலை வெட்டினாப்பிறகு ஒரு இலை மிச்சம் விடமாட்டம். கொடி பயந்துபோய் அடுத்த மாசம் குலை குலையாத் தள்ளும். இவங்கள் என்னெண்டால் காலமைப் பக்கம், பின்னேரப் பக்கம் எண்டு சாத்திரம் பாக்கிறாங்கள்."

நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடற்கரைப் பெடியன், திராட்சையைப் பெட்டியில் பார்த்ததைத் தவிர வேறெதுவும் தெரியாதவன். கேட்டதை நம்பினேன்.

அந்த யூலை மாதம் எனக்குப் பயிற்சி ஒப்பந்தம் கைக்கு வந்திருந்தது. ஓகஸ்ட்டில் தொடக்கம். மூன்று வருட அவுஸ்பில்டுங், படிப்பும் வேலையும் சேர்ந்தது. அது இருக்கும்வரை என்னைத் துரத்தமாட்டார்கள், முடித்தால் உண்மையான விசா. செஃப் ஒப்பந்தத்தை முறித்தால் எல்லாம் முறியும். இதை உங்களுக்குத்தான் முதலில் காட்டினேன். நாற்பத்தினாலு வயதில் உங்களுக்கு அப்படி ஒன்று கிடைக்காது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தாளைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் பார்த்து, "வடிவான தாள்" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தீர்கள்.

அன்றைக்குச் செஃப் உங்களைக் கீழ்த் தோட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டார். மேல் துண்டில் நான் தனிய. காலைப் பக்கம் மட்டும் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத்தான் போனார். மத்தியானத்துக்குள் ஆறு வரிசையும் முடித்துவிட்டேன். கல்லுக்குப் பக்கத்தில் இருந்து தண்ணீர் குடித்தேன். அப்போதுதான் உங்கள் பேச்சு வேலை செய்தது. ஒரு இலை மிச்சம் விடமாட்டம். கொடி பயப்படும். மீன்காரன் தோட்டக்காரனைவிட நன்றாகச் செய்தான் என்று உங்கள் வாயால் கேட்கவேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் பிரயோசனம் இல்லை. எழும்பிப் போய்ப் பின்னேரப் பக்கத்தையும் உரித்தேன். ஆறு வரிசையையும். கை வேகத்தில் காம்போடு, சில இடத்தில் பட்டையோடு கிழித்தேன்.

நாலு மணிக்கு நீங்கள் ஏறி வந்தீர்கள். பார்த்ததும் அப்படியே நிலத்தில் குந்திவிட்டீர்கள்.

"என்னடா செய்து வைச்சிருக்கிறாய்?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள், முழுக்கக் கழட்டினால்..."

"அது பந்தலடா. அதுவும் குலை இல்லாத நேரம். பிறகு தளிர்த்து இலை கூரையா வந்திடும், குலை நிழலிலை தொங்கும். இங்கை குலை வெயிலுக்கு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நிக்குது, பார்."

நீங்கள் ஏசுவீர்கள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மேல் கம்பியில் கட்டிய கொப்புகளை அவிழ்த்து, வளைத்துக் கீழே இழுத்து, குலைகளுக்கு மேல் நிழல் விழும்படி விட்டுப் பார்த்தீர்கள். நானும் செய்தேன். இருட்டும்வரை ஒன்றரை வரிசைகூடத் தேறவில்லை. கொப்புகள் திரும்பவும் மேலே எழும்பின. அடுத்த மூன்று நாளும் வானொலியில் வெயிலைப் பற்றித்தான் பேச்சு. முதியவர்களை வெளியில் போகவேண்டாம் என்றார்கள். திராட்சையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நான்காம் நாள் பின்னேரப் பக்கத்துக் குலைகள் மண்ணிறமாகி, தோல் சுருங்கி, பழைய சப்பாத்துத் தோல்போல் ஆகிவிட்டன.

செஃப் வந்தார். வரிசைக்குள் நடந்தார். குனிந்து ஒரு கொடியைப் பார்த்தார், ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுத் துப்பினார். கத்தவில்லை. "யார்?" என்று கேட்டார். ஒரே ஒரு சொல்.

"இஷ்" என்றீர்கள். நான் என்பதற்கான அந்தச் சொல், உங்கள் முப்பது சொற்களில் ஒன்று. பிறகு மிச்சச் சொற்களையும் செலவழித்தீர்கள். நான் கீழ்த் தோட்டத்துக்குத் தண்ணீர்ப் போத்தல் கொண்டு வந்த நேரம் நீங்கள் இங்கே மேலே வந்து செய்தீர்களாம். உங்கள் நாட்டில் அப்படித்தானாம். பெடியனுக்கு ஒன்றும் தெரியாதாம். செஃப் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் கொடியைப் பார்த்தார். சரி என்றார். நான் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கவேண்டும். ஒப்பந்தம் என் நெஞ்சுப் பொக்கெட்டில் இருந்தது போல ஒரு பாரம். உண்மையில் அது முகாமில் தலையணைக்குக் கீழே இருந்தது.

அந்த மாத முடிவில் உங்களுக்கு வேலை இல்லை என்றார். வேலை போனதும் உங்கள் டுல்டுங்கை மாதத்துக்கு ஒரு தரம் என்று சுருக்கினார்கள். வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போகும் ஒவ்வொரு டெர்மினிலும், திருப்பி அனுப்புவதற்கான பாஸ்போர்ட் எங்கே என்ற ஒரே கேள்வி. மூன்றாவது டெர்மினுக்கு நீங்கள் போகவில்லை. பையை எடுத்துக்கொண்டு பிராங்பேர்ட்டுக்குப் போய்விட்டீர்கள், ஒருவரும் பெயர் கேட்காத ஒரு சாப்பாட்டுக்கடைச் சமையலறைக்கு.

ஒருமுறை வந்து பார்த்தேன், ஞாபகம் இருக்கும். எஸ்-பான் ரயிலில் இருந்து இறங்கி, கடைக்குப் பின்பக்கத்தால் வந்தேன். ஒரு மூட்டை வெங்காயத்துக்கு முன்னால் வாங்கில் இருந்தீர்கள். டிக்கெட்டுக்குக் காசைக் கரியாக்கினதற்கு ஏசினீர்கள். மெலிந்திருந்தீர்கள், இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தீர்கள். வாயு என்றீர்கள். டொக்டரிடம் போங்கோ என்றேன். "எப்பிடிப் போறது? மருத்துவத் துண்டு எடுக்கப் பழைய இடத்துக்கெல்லோ போகவேணும். போனால் துண்டு தருவாங்களோ, பிடிச்சு வைப்பாங்களோ?" என்று சிரித்தீர்கள். நான் அந்தப் பொய்யைப் பற்றிக் கதைக்க வந்திருந்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "வெங்காயம் கண்ணெரியுது, அங்காலை தள்ளி இரு" என்றீர்கள். போகும்போது தேத்தண்ணி ஊற்றித் தந்தீர்கள். அந்தச் சமையலறையில் கோப்பைகள் எல்லாம் எல்லோருக்கும் பொது. நீங்கள் குடித்து வைத்ததைக் கழுவாமலே எனக்கு ஊற்றினீர்கள். கவனித்தேன். அதையும் சொல்லவில்லை.

கார்த்திகை மாதம் அந்தக் கடையில் கோழி வெட்டுகிற ஒருவர் உங்கள் போனில் இருந்து எனக்கு எடுத்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குளிரறைக்குள் விழுந்தீர்களாம். அம்புலன்ஸை எடுக்க முதல், உங்களை முன்பக்க வாசலால் கொண்டுபோவதா பின்பக்கத்தால் கொண்டுபோவதா என்று முதலாளிமார் கொஞ்ச நேரம் யோசித்தார்களாம். தமிழ் முதலாளிமார்தான். எரித்த இடத்தில் ஆறேழு பேர் நின்றோம். ஐயர் அவசரப்பட்டார், அவருக்கு அடுத்த இடத்தில் ஒரு பெட்டையின் சாமத்தியவீட்டுச் சடங்கு.

ஏன் என்ற கேள்வியை நான் விட்டுவிடவில்லை. எனக்கு இரக்கப்பட்டா? உங்களுக்கு இரக்கம் வரும் ஆள் நான் இல்லை. நீங்கள் வாயடித்ததால்தான் நான் உரித்தேன் என்ற குற்ற உணர்வா? அப்படியென்றால் அது முழுப் பொய் இல்லை, பாதிதான். இல்லாவிட்டால், தோட்டத்தில் பிழை நடந்தால் அது தோட்டக்காரனுடைய பிழை, கூலிக்காரன் பிழைக்குக்கூட அருகதை இல்லாதவன் என்ற பழைய பெரிய வீட்டு நினைப்பா? வேறொருவனின் நாட்டில், வேறொருவனின் காணியில் நின்றுகொண்டும் நீங்கள் கமக்காரன், நான் உங்கள் கூலியா? இந்த மூன்றாவதுதான் என்று சில நாட்களில் நிச்சயமாக நினைக்கிறேன், உங்கள் மேல் கோபம் வருகிறது. அடுத்த நாள் கழுவாத அந்தக் கோப்பை நினைவுக்கு வருகிறது. பிறகு எனக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை. செத்தவர்களோடு சண்டை போட ஏலாது.

மேல் துண்டில் கொடிகள் உயிரோடு இருக்கின்றன. ஒரு வருட விளைச்சல்தான் போனது. கம்பிகளுக்கு இடையில் நிற்கும்போது நானும் அதே மாதிரித்தான் கட்டி விடப்பட்டிருக்கிறேன் என்று தோன்றும். இந்த மாவட்டம், இந்த வேலை, இந்த ஒரு மனிதரின் கையெழுத்து. மன்னாரில் அப்பாவுக்குச் சத்திரசிகிச்சை என்றார்கள், போக ஏலாது. பாரிஸில் பெரியம்மா மகளுக்குக் கல்யாணம், ரயிலில் மூன்று மணித்தியாலம்கூட இல்லை, போக ஏலாது. பிரான்சுக்குள் நான் போகக்கூடிய தூரம் ஆறு வரிசை. அங்கே குனிந்து வேலை செய்யலாம், நிமிர்ந்து நடக்கக் கூடாது.

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் மனைவி ஊரிலிருந்து போன் எடுத்தார். இதுவரை கதைத்ததில்லை, கோழி வெட்டுகிற அண்ணையிடம் நம்பர் வாங்கியிருக்கிறார். சுகம் விசாரித்தார், பரீட்சை எப்போது என்று கேட்டார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தம்பி, அவர் அங்கை தோட்டத்தைக் கருக்கிப்போட்டார் எண்டு அவரே எனக்குச் சொன்னவர். அவரின்ரை தமையன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறார், வெள்ளைக்காரன்ரை தோட்டத்தை எரிச்சவன், அதுதான் துரத்தினவங்கள் எண்டு. இவர் பத்து வயசிலை இருந்து பந்தலுக்குக் கீழை வளந்த மனிசன் தம்பி. குலை நிக்கேக்கை வெயில் பக்கத்து இலையை எடுப்பாரோ? நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே?"

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள் அக்கா, பிறகு எடுக்கிறன் என்றேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அவர் அவசரமாக இன்னொன்று சொன்னார். செஃப்பிடமிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா? தன் மனிசன் பிழை விடவில்லை என்று. ஜெர்மன் மொழியில் இருந்தாலும் பரவாயில்லை, ஊரில் வாசிப்பிக்க ஆள் இருக்கிறது. அதைக் கொண்டுபோய்த் தமையனின் முகத்துக்கு முன்னால் வைக்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம் தம்பி என்றார்.

இன்னும் நான் திரும்ப எடுக்கவில்லை. மண் பாடம் முடிந்து வந்த நாளிலிருந்து எதைப் படித்தாலும் மண்டைக்குள் ஏறவில்லை. பரீட்சைக்கு இன்னும் நாலு கிழமை. வாயை மூடிக்கொண்டு நாலு கிழமை இருந்தால் காணும். முகாமில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவார்கள். நீங்களும் அதைத்தான் சொல்லுவீர்கள், ஏசி ஏசிச் சொல்லுவீர்கள்.

சனிக்கிழமை காலை இயந்திரக் கொட்டகைக்குப் போனேன். செஃப் டிராக்டருக்குக் கீழே இருந்து கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். மேல் துண்டில் அன்றைக்கு இலை எடுத்தது நான், அவர் இல்லை என்று சொன்னேன். என் ஜெர்மன் இப்போது நன்றாக இருக்கிறது, அண்ணை. தடுமாறவில்லை.

அவர் எழும்பிக் கையைத் துணியில் துடைத்தார்.

"தெரியும்" என்றார். "அன்றைக்கே தெரியும். அவர் இலையை நகத்தால் கிள்ளுவார், காம்பு கொஞ்சம் நிற்கும். அந்த ஆறு வரிசையிலும் பட்டையோடு கிழிந்திருந்தது. அப்படிக் கிழிப்பவன் நீ ஒருவன்தான்."

அவர் குனிந்து ஒரு கொடியைப் பார்த்தாரே, அப்போதே. உங்கள் பொய் அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

பிறகு ஏன் அவரை அனுப்பினீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவில்லை, கெட்ட மனிதனும் இல்லை. உன்னோடு ஒப்பந்தம் எழுதிப் பதிந்தாயிற்று, மூன்று வருடத்துக்கு வேலைக்கு ஒரு கை நிச்சயம் என்றார். அவரோடு பருவ வேலைதான், எழுதியது ஒன்றும் இல்லை. நட்டத்துக்கு யாராவது ஒருவர் பொறுப்பேற்கவேண்டியிருந்தது, அவரே முன்வந்தார், நான் எடுத்துக்கொண்டேன். சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தார். இப்போது நீ நல்ல வேலைக்காரன், பரீட்சை முடிய இங்கேயே இரு, விசாவுக்குத் தேவையான கடிதத்தை நான் தருகிறேன் என்றார்.

அந்தக் கை கனமாக இருந்தது. அதற்குக் கீழே விசாவின் முதல் இரண்டு வருடம், அதற்குப் பிறகு இன்னும் சில.

எனக்கு முதலில் வேறொரு கடிதம் வேண்டும் என்றேன். அவருடைய மனைவிக்கு. அவர் உழைப்பாளி, நேரத்துக்கு வருவார், அப்படி ஒன்று எழுதித் தரலாம் என்றார். அது போதாது. பழம் கருகியது அவருடைய பிழையால் அல்ல என்று எழுதவேண்டும் என்றேன். செஃப் கொட்டகை வாசல் பக்கம் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்.

"மேல் துண்டு எந்த நாட்டில் இருக்கிறது? உன் தாளில் என்ன எழுதியிருக்கிறது? அப்படி ஒரு கடிதம் போனால் முதலில் யாரைப் பிடிப்பார்கள்?"

மிரட்டவில்லை, கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கை நான் அவருக்கு முதலே போட்டிருந்தேன். என்னைப் பிடிப்பார்கள், பிறகு அவரைக் கேட்பார்கள். இடத்தை எழுதவேண்டாம் என்றேன். நாட்டையும் எழுதவேண்டாம், என் பெயரை மட்டும் எழுதுங்கள், நான் செய்தேன் என்று. அவர் தலையை ஆட்டினார். அப்படியானால் ஏன் அவரை அனுப்பினாய் என்று கேட்பார்கள் என்றார்.

"ஓம்" என்று என் வாயில் தமிழ்தான் வந்தது. பிறகு ஜெர்மனில் சொன்னேன். கேட்பார்கள், கேட்கட்டும்.

பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் எடுத்து டிராக்டர் மூடியில், கிறீஸ் படாத இடமாகப் பார்த்து வைத்தேன். உங்கள் முழுப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவருக்கு அது நீளமாகத்தான் இருந்திருக்கும். எழுதுங்கள் என்றேன். அவர் தாளைப் பார்த்தார். பேனையைத் தொடவில்லை. வெளியில் யாரோ வண்டியை நிறுத்திச் செஃப் என்று கூப்பிட்டார்கள். நான் இன்னொரு தரம் சொன்னேன்.

"எழுதுங்கள்."